ஆடியில் தொலைந்த சிவப்பு

எங்கள் தெருவில் பாதிப் பேர் நான் பார்சல் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தப்பு என்னுடையதுதான். லாஸ்பேட்டைக்குக் குடிவந்த புதிதில் எதிர்வீட்டு அம்மா, "நீங்க எதுல வேல பாக்குறீங்க?" என்று கேட்டபோது, "வெப்சைட்டுக்கு மூட்டை கட்டுற வேலைங்க" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் வெப்சைட்டை விட்டுவிட்டு மூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார். அப்புறம் சென்னையில் இருக்கும் அவர் தம்பிக்கு ஊறுகாய் அனுப்ப எவ்வளவு ஆகும் என்று என்னிடம்தான் கேட்பார். நானும் ஒரு தொகையைச் சொல்லிவைப்பேன்.

போன மாதம் பழைய ஆபீஸிலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது புதுக் கருவி வந்துவிட்டதாம். எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாமாம், பக்கங்களை அதுவே கண்டுபிடித்து, அதுவே கட்டி, அதுவே ஏற்றிவிடுமாம். சொல்லிவிட்டு ஒருத்தி, "அப்ப நீங்கல்லாம் நாள் பூரா என்னதான்க்கா பண்ணீங்க?" என்றாள். என் வீட்டு காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டைப்ரைட்டிங் ஹையர், ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோத்தது, ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ். பிறகு மிஷன் வீதிப் பக்கம் ஒரு மாடியில் வெப்சைட் செய்யும் சின்ன ஆபீஸில் சேர்ந்தேன். ஆறு பேர், ஆறு கம்ப்யூட்டர், ஒரே ஒரு ஃபேன். எல்லாம் அங்கேதான் கற்றுக்கொண்டது.

முதலாளியை நாங்கள் முசியே என்றுதான் கூப்பிடுவோம், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். பிரான்சில் முப்பது வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய தமிழர். எல்லோரையும் 'நீங்க' என்பார். டீ கொண்டுவருகிறவரையும் அப்படித்தான், ஜன்னலில் வந்து நிற்கிற பூனையையும் அப்படித்தான். கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். "மல்லிகா, தயவுசெஞ்சு இத கொஞ்சம் பாக்குறீங்களா?" என்றால் வேலை போகப்போகிறது என்று அர்த்தம்.

அவருக்கு இரண்டு வழக்கங்கள். ஒன்று, எந்த வெப்சைட்டையும் மத்தியானம் ஒன்றரை மணிக்குத்தான் இன்டர்நெட்டில் ஏற்றவேண்டும். அந்த நேரத்தில் எங்கள் ஊர்க் கடைகள் எல்லாம் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கப் போய்விடும். நாலு மணி வரைக்கும் யாரும் எதையும் பார்க்கமாட்டார்கள், தப்பு நடந்தாலும் திருத்திக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. இரண்டாவது, கனகசெட்டிக்குளம் சோதனை. ஏற்றின மறுநாள் ஒரு பழைய மலிவு போனை எடுத்துக்கொண்டு டவுனில் பஸ் ஏறுவார். வடக்கு எல்லையில் இருக்கும் அந்த மீனவர் கிராமம் வரைக்கும் போய்த் திரும்புவார். வழியில் சிக்னல் எங்கெங்கே படுத்துக்கொள்ளும் என்று அவருக்கு மனப்பாடம். அங்கே பக்கத்தைத் திறப்பார். கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுப்பதற்குள் பக்கம் திறந்துவிட்டால் பாஸ். சில கண்டக்டர்கள் சில்லறையே கொடுக்கமாட்டார்கள், அன்றைக்கெல்லாம் எங்களுக்கு யோகம்.

இப்போது என் மூட்டைக்கு வருகிறேன். வெப்சைட்டில் நீங்கள் பார்ப்பது பக்கம். அதற்குப் பின்னால் இரண்டு வகைக் கோப்புகள் இருக்கும். நிறம், எழுத்தளவு, இடைவெளி இதையெல்லாம் சொல்வது ஸ்டைல். தொட்டால் திறப்பது, தள்ளினால் நகர்வது இதையெல்லாம் செய்வது ஸ்கிரிப்ட். ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பத்துப் பன்னிரண்டு ஸ்டைல், அதே அளவு ஸ்கிரிப்ட் என்று தனித்தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பாவம், போன் ஒவ்வொன்றாகப் போய் எடுத்துவர வேண்டும். முசியேவின் பஸ் கனகசெட்டிக்குளம் போய்த் திரும்பிவிடும், பக்கம் வழியில் இருக்கும் காலாப்பட்டிலேயே நிற்கும்.

அதற்காக வந்ததுதான் கட்டும் கருவி. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வாசல் கோப்பு என்று நாம் பட்டியல் எழுதிக் கொடுக்கவேண்டும். கருவி அந்த வாசலில் நுழைந்து, அந்தப் பக்கத்துக்கு என்னென்ன வேண்டும் என்று பார்த்து, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டும். எல்லாப் பக்கத்துக்கும் பொதுவானதைத் தனி மூட்டையாகக் கட்டிவிடும், போன் அதை ஒருமுறை வாங்கினால் போதும். உள்ளே ஏதாவது மாறினால் மூட்டையின் பெயர் வாலில் இருக்கும் எண்ணும் மாறும், அதனால் பழையதும் புதியதும் குழம்பாது. முசியே பழைய மூட்டை ஒன்றைக்கூட அழிக்க விடமாட்டார். வாசல் பட்டியலையோ கம்ப்யூட்டரில் எழுதுவதற்கு முன்னால் காகிதத்தில் எழுதவேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து பார்த்து, பேனாவால் பெயர் எழுதி, பக்கத்தில் டிக் அடித்து, கையெழுத்துப் போடவேண்டும். கையெழுத்து எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "கருவி கையெழுத்து போடாது மல்லிகா, அதுக்காகத்தான்" என்றார்.

இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. பக்கத்துக்கு இருபது கோப்புக்கு மேல் இருந்ததை இரண்டாக்கினேன். அதற்கும் மேலே போக ஆசைப்பட்டதில்தான் வந்தது வினை.

ஊரில் ஒரு கல்யாண மண்டபம். அதற்கு வெப்சைட் செய்திருந்தோம். முகப்பு, மணமகன் அறை, சமையற்கூடம், படங்கள், நாட்காட்டி என்று எட்டு பக்கம். நாட்காட்டிதான் முக்கியம். பதிவான நாள் சிவப்பாகத் தெரியும், காலி நாள் வெள்ளையாக இருக்கும். மேனேஜர் தனகோபால் அதற்குமுன் ஒரு தடித்த டைரி வைத்திருந்தார். டைரியை மூட்டை கட்டச் சொன்னதும் நான்தான். "இனிமே இதப் பாத்தே சொல்லுங்க சார், சிவப்புன்னா இல்ல, வெள்ளன்னா உண்டு" என்று அவருக்கு வகுப்பெடுத்தேன். ஒரே நாளுக்கு இரண்டு பேர் பெயரை எழுதினாலும் அந்த சிஸ்டம் வாங்கிக்கொள்ளும். சிவப்பைப் பார்த்தபின் யார் போய் இன்னொரு பெயரை எழுதப்போகிறார்கள் என்று அப்படியே விட்டிருந்தோம்.

கருவியில் ஒரு வசதி உண்டு. பக்கங்களில் பயன்படாத ஸ்டைலையெல்லாம் அதுவே தேடித் தூக்கி எறிந்துவிடும். எது பயன்படுகிறது என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்? ஸ்டைலின் பெயர் பக்கத்திலோ ஸ்கிரிப்டிலோ முழுசாக எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் வைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் குப்பை. ஆடி மாதத் தொடக்கத்தில் ஒருநாள் அந்த வசதியை நான் முடுக்கிவிட்டேன். ஸ்டைல் மூட்டை கால்வாசியாகச் சுருங்கிவிட்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏற்றுவதற்கு முன் முறைப்படி சரிபார்த்தோம். ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்து எட்டு பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டோம். நாட்காட்டி திறந்தது. எப்போதும் நடப்பு மாதத்தில்தான் திறக்கும், அதனால் ஆடி வந்து நின்றது. முழுக்க வெள்ளை. ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? போதாக்குறைக்கு அந்த மண்டபத்தில் ஆடி முழுக்க வெள்ளையடிப்பு, ரிப்பேர், எந்தச் சமயத்தாருக்கும் வாடகைக்கு விடமாட்டார்கள். ஆறு பேரும் அந்த வெறும் மாதத்தைப் பார்த்துத் தலையாட்டினோம். அடுத்த மாதத்துக்குப் போகும் அம்புக்குறியை ஒருத்தராவது தொட்டிருக்கலாம். தொடவில்லை. டிக் அடித்து நான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் முசியே பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் மேசைக்கு வந்தார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிப்பதற்குள் பக்கம் திறந்துவிட்டதாம். "பர்ஃபே!" என்றார். அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து வராத சொல். அப்பழுக்கில்லை என்று அர்த்தம். அன்றைக்கு ஆபீஸ் முழுக்க என் செலவில் சமோசா.

நடந்தது என்னவென்றால், சிவப்பு நிறத்துக்கான பெயர் முழுசாக எங்கேயுமே எழுதப்படவில்லை. பாதிப் பெயரை ஸ்கிரிப்ட் வைத்திருந்தது. மீதிப் பாதி, பக்கம் திறந்தபிறகு மண்டபத்தின் பதிவிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும். கருவி தேடிப் பார்த்திருக்கிறது, முழுப் பெயர் கிடைக்கவில்லை, சிவப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டது. ஆவணி முழுக்க வெள்ளையாக, வா வா என்று திறந்து கிடந்தது.

பத்து நாள் கழித்து தனகோபால் மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்தார். "ஆவணி மொத ஞாயித்துக்கெழமைக்கு ரெண்டு பேர் எழுதியிருக்கும்மா. ரெண்டு பேருமே பத்திரிக அடிச்சிட்டாங்க" என்றார். முதலில் எழுதியவர் டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கரீம் பாய், அவர் மகளுடைய நிக்காஹ். இரண்டாவது பாகூர்ப் பக்கத்துப் பெண். ஜீவிதா என்று பெயர், பெரிய ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். தானே போனில் நாட்காட்டியைப் பார்த்து, வெள்ளையாக இருக்கிறதென்று தனகோபாலைக் கூப்பிட்டிருக்கிறாள். அவரும் அதே வெள்ளையைப் பார்த்து, சரி என்றிருக்கிறார்.

நான் அடுத்த மாதத்து அம்புக்குறியைத் தொட்டேன். ஆவணியில் ஒரு சிவப்பும் இல்லை.

முசியே வந்து என் பின்னால் நின்று பார்த்தார். "மல்லிகா, தயவுசெஞ்சு..." என்று ஆரம்பித்தார். வேலை போயிற்று என்று முடிவு கட்டிவிட்டேன். "...உங்க ஸ்கூட்டர் சாவிய எடுத்துக்குறீங்களா?" என்றார்.

சிவப்பைத் திருப்பிக் கொண்டுவர இரண்டு நிமிடம் ஆனது. பெயரைக் கருவியிடம் எழுதிக் கொடுத்து, இதை எறியாதே என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. மனிதர்களிடம்தான் நேரம் ஆனது. முதலில் கரீம் பாய் கடைக்குப் போனோம். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "எங்களுக்கு நிக்காஹ் சாயங்காலம், அசர் தொழுகைக்கு அப்புறம். காலைல மண்டபத்த வெச்சிக்கினு நான் என்ன பண்ணப்போறேன்? அவங்களுக்கு விடியக்கால முகூர்த்தந்தானே, ரெண்டு மணிக்குள்ள காலி பண்ணிக் குடுத்தா போதும்மா" என்றார். தனகோபால்தான் குறுக்கே நின்றார். ஒரே நாளில் இரண்டு விசேஷம் அவர் சர்வீஸிலேயே கிடையாதாம், யார் பெருக்குவது, யார் நாற்காலி மாற்றுவது என்றார். "நாங்க ஆறு பேரு வர்றோம்" என்றார் முசியே. என்னைக் கேட்கவேயில்லை.

மண்டபம் கிடைத்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று நான் நினைத்தேன். மறுநாள் காலை ஜீவிதாவின் அப்பா போன் செய்தார். மாப்பிள்ளையின் அம்மா தனலட்சுமி, வில்லியனூரிலிருந்து தன் தம்பியோடு வீட்டுக்கு வந்திருக்கிறாராம். கல்யாணமே வேண்டாம் என்கிற மாதிரிப் பேசுகிறாராம். "நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லணும்" என்றார். குரல் உடைந்திருந்தது. முசியே லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார, நான் ஸ்கூட்டரை ஓட்டினேன். பாகூர் போய்ச் சேரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்பீடு பிரேக்கர் வரும்போது மட்டும் "அத்தான்சியோன்!" என்று எச்சரிப்பார்.

கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தட்டில் முறுக்கு. ஜீவிதா சமையலறைக் கதவோரம் நின்றிருந்தாள், தலை குனிந்தபடி. தனலட்சுமி அம்மாள் எங்களை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை, நேராகப் பேச்சுக்கு வந்துவிட்டார்.

"மண்டபம் கெடச்சிடுச்சின்னு சொல்றீங்க, சந்தோஷம். என் கேள்வி அது இல்ல. ஒரு நாளு காலியா இல்லியான்னு பாக்குறதுகூட இந்தப் பொண்ணுக்குச் சரியா பாக்கத் தெரியல. இது ஆஸ்பத்திரில ரத்தத்தப் பாத்து ரிசல்ட்டு எழுதுதாம். நாளைக்கி என் வூட்டுக்கு வந்து என்னத்தப் பாத்து என்னத்தச் செய்யும்? கல்யாணத்துக்கு முன்னாடியே இப்புடி ஒரு சகுனம்."

அந்தப் பெண் நிமிரவில்லை. அவள் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சர்வர் பிரச்சினைங்க" என்றேன். எங்கள் தொழிலில் இந்த இரண்டு சொல் போதும், யாரும் மேலே கேட்கமாட்டார்கள். எத்தனையோ தடவை என்னைக் காப்பாற்றியிருக்கிறது. தனலட்சுமி அம்மாள் விடுகிற ஆளில்லை.

"சர்வரு எல்லாருக்கும் பொதுதான? அப்ப இந்தப் பொண்ணுக்கு மட்டும் எப்புடித் தப்பா தெரிஞ்சிச்சி?"

நான் முசியேவைப் பார்த்தேன். அவர் முறுக்கை மென்றுகொண்டிருந்தார். உதவிக்கு வரப்போவதில்லை என்று புரிந்தது. எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில்தான் உண்மையும் வெளியே வந்தது.

"சர்வர் இல்லம்மா. நான்தான். வெப்சைட் கனமா இருக்குதுன்னு, வேண்டாததெல்லாம் எடுத்துப் போட்டுடுன்னு மெஷின்கிட்ட சொன்னேன். அது சிவப்புக் கலரயும் சேத்துப் போட்டுடுச்சி. ஏத்துறதுக்கு முன்னாடி நாங்க ஆறு பேரு பாத்தோம். ஆடி மாசத்தப் பாத்துட்டு சரின்னுட்டோம். நான் கையெழுத்தும் போட்டேன்."

"ஆடி மாசத்துல முகூர்த்தம் பாத்தீங்களா?" என்று தனலட்சுமி அம்மாளின் தம்பி கேட்டார். கேட்டுவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்கா முறைத்ததும் அடக்கிக்கொண்டார்.

முசியே லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். பழைய மூட்டையை எடுத்து மாட்டினேன், சிவப்பில்லாதது. ஆவணியைத் திறந்து தனலட்சுமி அம்மாள் முன்னால் வைத்தேன்.

"இதுதாம்மா அன்னிக்கு இருந்தது. இந்த மாசத்துல அஞ்சு நாளு எடுத்தாச்சி. எந்த அஞ்சுன்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். லேப்டாப்பைச் சாய்த்துப் பார்த்தார். தம்பியிடம் தள்ளினார். தம்பி விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பெண்ணின் அப்பாவும் எட்டிப் பார்த்தார். நான் திருத்திய மூட்டையை மாட்டினேன். ஐந்து நாள் பளிச்சென்று சிவந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமையும் அதில் ஒன்று.

தனலட்சுமி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப நானே பாத்திருந்தாலும் இந்த நாளத்தான் கேட்டிருப்பேன்."

"ஆமாங்க."

"அப்ப சகுனமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எல்லாம் உன் வேல."

"என் வேலதாங்க."

"சரி, முறுக்கு எடுத்துக்க" என்றார்.

கல்யாணம் நடந்தது. காலையில் ஒரு கல்யாணம், சாயங்காலம் ஒரு நிக்காஹ். நடுவில் நாங்கள் ஆறு பேரும் வாழைமரத்தை அவிழ்த்து, நாற்காலி தூக்கி, தரை துடைத்தோம். முசியே வெள்ளைச் சட்டையோடு துடைப்பத்தைப் பிடித்து நின்றதை இன்னும் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். காலையில் கேசரி, ராத்திரி பிரியாணி. தப்பு செய்தவளுக்கு இப்படி விருந்து யாரும் வைத்ததில்லை. தனலட்சுமி அம்மாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "இவங்கதான் செவப்பத் தொலச்சவங்க" என்று வில்லியனூரையே கூட்டி அறிமுகம் செய்தார். நாட்காட்டியை ஆவணியில் திறந்து பார்க்காமல் எதையும் ஏற்றக்கூடாது என்று ஆபீஸில் புது விதி வந்தது. அதற்கும் கையெழுத்து உண்டு.

ஆனால் அன்றைக்குப் பாகூரில் ஒன்று நடந்தது, அதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பப் போனேன். முசியே பின்னால் ஏறப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீவிதா வேகமாக வெளியே வந்தாள்.

"அக்கா, அத எனக்கும் ஒரு தடவ காட்டுறீங்களா? நான் உள்ள நின்னதுல தெரியல."

அப்போதுதான் உறைத்தது. மாமியாருக்குக் காட்டினேன், மாப்பிள்ளையின் மாமனுக்குக் காட்டினேன், அவள் அப்பாவுக்கும் காட்டினேன். இவளுக்கு மட்டும் காட்டவில்லை. ஸ்கூட்டர் சீட்டின்மேல் லேப்டாப்பை வைத்து வெள்ளை ஆவணியைத் திறந்தேன். அவள் குனிந்து முதல் ஞாயிற்றுக்கிழமையின் மேல் விரலை வைத்தாள்.

"வெள்ளையாத்தான இருந்திச்சி?"

"வெள்ளையாத்தாம்மா இருந்திச்சி. நீ பாத்தது சரி."

அவள் விரலை எடுக்கவில்லை. "எல்லாரும் சொல்லிச் சொல்லி, எனக்கே செவப்ப வெள்ளையாப் பாத்துட்டேனோன்னு ஆயிடுச்சிக்கா. நேத்து ட்யூட்டில ஒவ்வொரு ஸ்லைடயும் பக்கத்துல இருக்கிற அக்காகிட்ட குடுத்து, நான் பாக்குறது சரியான்னு கேட்டுக் கேட்டுத்தான் எழுதினேன்" என்றாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வேறு வார்த்தை வந்தது.

"இனிமே யார்கிட்டயும் குடுக்காத. நாளைக்கி நீயே பாரு, நீயே எழுது" என்றேன்.